கேட்கிறதுக்கு முதல் வரம்பைக் கட்டு: முன்னூற்றி நாலு பழகுகிறவர்களுக்கு

நாங்கள் நாலு பேர். நாலு பேரும் பெண்கள், வந்தாறுமூலை வளாகத்தில் கலை கலாசார பீடத்தில் படிக்கிறோம். முன்னூற்றி நாலு விளையாடுவோம். நன்றாகவே விளையாடுவோம். இதைச் சொன்னதும் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கோபம் வரும். அந்தக் கதைக்கு மறுகா வருவோம். முதலில் விளையாட்டு.

இந்த செமஸ்டர் புதிதாக வந்த தங்கச்சிமார் சிலர் "எங்களுக்கும் பழக்குங்க அக்கா" என்று கேட்டு வந்தார்கள். அதில் ஒருத்தி போனில், காசு கட்டாமல், லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டத்தைப் பழகிக்கொண்டிருந்தாள். "இதுவும் அதுவும் ஒண்டுதானே அக்கா?" என்றாள். ஒன்றில்லை. ஆனாலும் நாலைந்து இரவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆடிப் பார்த்தோம். புதிசாகப் பழகுகிறவர் கவனிக்க வேண்டியது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விஷயங்கள்தான் என்று விளங்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

தெரியாதவர்களுக்கு விதியைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முன்னூற்றி நாலுக்கு ஒரு கடதாசிக் கூட்டத்தில் 2 முதல் 6 வரை எடுத்துப்போட்டு, மிச்சம் 32 கடதாசி. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர் சோடி. ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, கிங் 3, குயின் 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. அதுதான் பெயர். முதலில் ஆளுக்கு நாலு கடதாசி போடுவார்கள். அந்த நாலைப் பார்த்துவிட்டு, "நானும் என் சோடியும் இத்தனை எடுப்போம்" என்று கேட்க வேண்டும். ஆகக் குறைந்தது 160. கூடக் கேட்டவர் ஒரு கடதாசியைக் கவிழ்த்து வைப்பார், அதன் இனம்தான் துரும்பு. பிறகு இன்னும் நாலு நாலு போட்டு ஆட்டம் தொடங்கும். ஊருக்கு ஊர் சின்ன வித்தியாசம் இருக்கும். விளையாட இருக்கிறதுக்கு முதல் எந்த ஊர் விதி என்று கதைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நடு இரவில் சண்டை வரும்.

லிமிட் ஹோல்டெம்மில் 52 கடதாசியும் உண்டு. ஆளுக்கு இரண்டு கடதாசி கவிழ்த்துக் கொடுப்பார்கள். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று, ஒன்று, ஒன்று என்று ஐந்தைத் திறப்பார்கள். ஏழில் நல்ல ஐந்து யாரிடமோ அவருக்குக் குவியல். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு, ஆனால் அதன் அளவு முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கும். முதல் இரண்டு கட்டத்தில் இரண்டு என்றால், பின் இரண்டு கட்டத்தில் நாலு. ஒரு கட்டத்தில் இத்தனை தரத்துக்கு மேல் ஏற்றவும் முடியாது. "இருக்கிறதெல்லாம் வைக்கிறன்" என்று தள்ளிவிட இடமில்லை. லிமிட் என்ற சொல்லுக்கு எங்களுக்குத் தெரிந்த நல்ல தமிழ் வரம்பு. வட்டையில் வரவையைச் சுற்றிக் கட்டுகிறோமே, அதே வரம்பு.

இனி ஒவ்வொன்றாக.

பாதிக் கையை வைத்து முழுக் கனவு காணாதீர்கள். இரண்டு ஆட்டத்திலும் பாதி தெரியாமல்தான் முடிவு எடுக்கிறோம். முன்னூற்றி நாலில் நாலு கடதாசி கையில், 28 வெளியே. உங்களிடம் ஒன்பதும் ஆசும் பத்தும் ஒரே இனத்தில் இருக்கின்றன, ஜாக் இல்லை என்று வையுங்கள். அந்த ஜாக் எங்கே? உங்களுக்கு இன்னும் நாலு வரும், சோடியிடம் எட்டு இருக்கும், எதிர்ப்பக்கம் இரண்டு பேரிடமும் பதினாறு. ஏழில் ஒரு பங்கு உங்களிடம் வரும், ஏழில் இரண்டு பங்கு சோடியிடம் இருக்கும், ஏழில் நாலு பங்கு எதிராளியிடம். "ஜாக் வந்திரும் கா, கேளு" என்று மனசு சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஹோல்டெம்மிலும் இதே கதைதான். முதல் இரண்டு கடதாசி 1,326 விதமாக வரலாம். அதில் சோடிக் கடதாசி வருவது 17 தரத்துக்கு ஒருக்கால், இரண்டு ஆசு வருவது 221 தரத்துக்கு ஒருக்கால். அதனால் பெரும்பாலான கைகளை எறிந்துவிட வேண்டியதுதான். புதியவர்களுக்கு இது அலுப்பு. விளையாட வந்துவிட்டு விளையாடாமல் இருக்கிறதா என்று கேட்பார்கள். 'பாஸ்' சொல்வதும் விளையாட்டுத்தான்.

தோற்றால் என்ன விலை என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். எங்கள் கணக்கில் பக்கத்துக்குப் பதினொரு புளியங்கொட்டை. 200க்குக் கீழே கேட்டு வென்றால் ஒரு கொட்டை வரும், தோற்றால் இரண்டு போகும். அப்படியென்றால் மூன்று தரம் கேட்டு இரண்டு தரம் வென்றாலும் நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். 160 கேட்டால் எதிர்ப்பக்கம் 145 எடுத்தாலே போதும், உங்களை விழுத்திவிடுவார்கள். பாதிக்குப் பாதி வெல்லலாம் என்று தோன்றுகிற கை, கேட்கக்கூடாத கை. இதை நாங்கள் தங்கச்சிமாருக்கு ஒரு தாளில் எழுதி அறைச் சுவரில் ஒட்டிவிட்டோம்.

ஹோல்டெம்மில் இதையே வேறு மாதிரிக் கணக்குப் பார்ப்பார்கள். கையில் இரண்டும் நடுவில் இரண்டுமாக ஓர் இனத்தில் நாலு இருக்கிறது, ஐந்தாவது வந்தால் வெற்றி. நடுவில் மூன்றைத் திறந்த பிறகு தெரியாத கடதாசி 47. அதில் உங்களுக்கு வேண்டிய இனம் ஒன்பது, வேண்டாதது 38. நாலு தரத்துக்குக் கொஞ்சம் கூடத் தோற்று ஒரு தரம் வெல்வீர்கள். குவியலில் பத்துக் கொட்டை இருக்க, நீங்கள் இரண்டு போட்டால் தொடரலாம் என்றால், ஒன்றுக்கு ஐந்து கிடைக்கிறது. போடலாம். குவியலில் ஆறுதான் இருக்கிறது என்றால் ஒன்றுக்கு மூன்று. விட்டுவிடுங்கள். பந்தயத்தின் அளவு முன்பே கட்டப்பட்டிருப்பதால் இந்தக் கணக்கை இருந்த இடத்தில் மனசுக்குள் போடலாம். புதியவர்கள் பழக லிமிட் ஆட்டம் நல்லது என்பதற்கு அதுதான் காரணம்.

எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். முன்னூற்றி நாலில் கடதாசி போட்டவருக்கு வலப்பக்கத்தில் இருப்பவர் முதலில் வாய் திறக்க வேண்டும், போட்டவர் கடைசி. கடைசியில் இருப்பவர் மூன்று பேர் சொன்னதையும் கேட்டுவிட்டுச் சொல்கிறார். அது சும்மா கிடைக்கிற தகவல். முதலில் பேசுகிற இடத்தில் இருந்தால் கை கொஞ்சம் திடமாக இருக்க வேண்டும். ஹோல்டெம்மிலும் போடுகிற இடத்தில் இருப்பவர், நடுக் கடதாசி திறந்த பிறகு கடைசியாகத்தான் முடிவு சொல்வார், லாபமும் அவருக்குத்தான். கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டு பேர் ஆடுகிற லிமிட் ஹோல்டெம்மை நடைமுறையில் முழுசாகத் தீர்த்துவிட்டதாக 2015 ஜனவரியில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார்கள். செபியஸ் என்று அந்தக் கணினி நிரலுக்குப் பெயர். 4,800 புரோசசர்கள் 68 நாள் ஓடியிருக்கின்றன. அதன் கணக்கிலும் போடுகிறவரின் இடத்துக்குத்தான் சின்ன அனுகூலம். எங்கள் ஊர்க் கிழவன்மார் புரோசசர் இல்லாமலே இதைச் சொல்லுவார்கள்: "கடைசி ஆள் வாய மூடிக் கேட்டிட்டுத் திறக்கணும்."

ஓமி விளையாடிப் பழகி வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஓமியில் ஆசுதான் பெரிசு. முன்னூற்றி நாலில் ஜாக்குக்கும் ஒன்பதுக்கும் பிறகுதான் ஆசு. பழக்கதோஷத்தில் ஆசை முதல் சுற்றிலேயே இறக்கினால் எதிராளி ஜாக்கைப் போட்டு 41ஐ அள்ளிக்கொண்டு போவார். வெளியே ஜாக்கும் ஒன்பதும் போகும்வரை ஆசைப் பொத்தி வையுங்கள். மாறாக, அந்தச் சுற்றை உங்கள் சோடி பிடிக்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்தால் எண்ணிக்கை உள்ள கடதாசியை அவருக்குப் போட்டுக் கொடுங்கள். பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழைப் போடுகிற சோடியோடு யாரும் இரண்டாம் ஆட்டம் இருக்கமாட்டார்கள்.

எண்ணுங்கள். ஓர் இனத்தில் எட்டுக் கடதாசிதான். துரும்பில் உங்களிடம் நாலு இருந்தால் வெளியே நாலு. விழ விழ விரலை மடக்குங்கள். துரும்பை மூடி வைத்து ஆடும்போது, கேட்ட இனம் இல்லாதவர் ஒரு கடதாசியைக் கவிழ்த்துப் போடுவார். அது துரும்பா இல்லையா என்பது துரும்பு வைத்தவர் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் யார் எந்தச் சுற்றில் கவிழ்த்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரிடம் அந்த இனம் இல்லை. அதை மறக்காதவர் கடைசி மூன்று சுற்றை வெல்லுவார். எங்களில் ஒருத்தி வரலாறு படிக்கிறாள், ஆண்டுகள் மனப்பாடம், ஆனால் துரும்பை எண்ணமாட்டாள். இன்னொருத்திக்குப் பரீட்சை வந்தால் ஒன்றும் ஞாபகம் வராது. எட்டுச் சுற்றும் யார் என்ன போட்டார் என்று வரிசையாகச் சொல்லுவாள்.

புழுகைக் குறைத்து நம்புங்கள். படத்தில் வருகிற போக்கரில் ஒருவர் பெரிய தொகையைத் தள்ளுவார், மற்றவர் வியர்ப்பார். லிமிட் ஆட்டத்தில் அது நடக்காது. இன்னும் ஒரு சின்னப் பந்தயம்தானே என்று எதிராளி பார்த்துவிடுவார். பயமுறுத்தி விரட்ட முடியாத இடத்தில் நல்ல கைதான் காசு. நல்ல கை வந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் கூச்சப்படாமல் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பேசாமல் விடுங்கள். முன்னூற்றி நாலிலும் சோடிக்குக் கண் காட்டுவது, இருமுவது, காலால் தட்டுவது எல்லாம் கள்ளம். போட்ட கடதாசியே கதைக்கட்டும்.

இவ்வளவும் தெரிந்தால் ஓரளவு நல்ல ஆட்டக்காரர். ஆனால் இது போதாது என்பதற்கும் எங்களிடம் ஓர் ஆள் இருக்கிறான்.

எங்கள் பட்ச் பொடியன் ஒருவன். பெயர் வேண்டாம். எங்கள் நாலு பேரைவிடவும் கணக்கில் கெட்டிக்காரன். மேலே சொன்ன ஒன்பதும் 38உம் கணக்கை முதலில் எங்களுக்குக் காட்டித் தந்தவனே அவன்தான். போனில் காசு கட்டி விளையாடத் தொடங்கினான். தொடக்கத்தில் வென்றான், எல்லோருக்கும் கொத்து வாங்கித் தந்தான். பிறகு மஹாபொலக் காசு வந்த அன்றே முடிந்தது. பிறகு மடிக்கணினி போனது. பிறகு அவன் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. "விட்டதைப் பிடிச்சிட்டு நிப்பாட்டிருவன்" என்பதை அவன் சொன்னபோது, அவன் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினான். இரண்டாம் வருடப் பரீட்சை எழுதவில்லை. இப்போது கட்டாரில் இருக்கிறான். அம்மா இடைக்கிடை எங்களில் ஒருத்திக்கு போன் எடுத்து, "அவன் திரும்பி வந்தா கம்பசில எடுப்பாங்களா மகள்?" என்று கேட்பா.

அவனுக்கு விளையாட்டுத் தெரியாமல் இல்லை. எங்கே நிற்பது என்பதை ஆட்டம் தொடங்குவதற்கு முதல் அவன் முடிவெடுக்கவில்லை. ஆட்டத்துக்குள் இருந்துகொண்டு அதை முடிவெடுக்க யாராலும் இயலாது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். எங்கள் மேசையில் பதினொரு கொட்டை முடிந்தால் ஆட்டம் முடிந்தது. நான் தோற்றால் சோடியும் தோற்பாள், அவள் கத்துவாள். பத்தரைக்கு வெளிச்சத்தை நூர்க்கச் சொல்லுவார்கள். ஒருத்திக்குப் பசிக்கும், ஒருத்திக்கு நித்திரை வரும். ஒவ்வொன்றும் ஒரு வரம்பு. போனில் அது ஒன்றும் இல்லை. அங்கே யாருக்கும் நித்திரை வராது, காசு காசு மாதிரி இருக்காது, வெறும் எண்ணாக இருக்கும். பக்கத்தில் இருந்து கத்த ஒரு சோடி கிடையாது.

சூதைப் பற்றிச் சட்டமும் இருக்கிறது. இலங்கையில் 1889ஆம் ஆண்டிலேயே 17ஆம் இலக்க சூதாட்டக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. திருக்குறளில் 94ஆம் அதிகாரமே சூது. அதில் வெற்றியைத் தூண்டில் இரையோடு சேர்த்து வள்ளுவர் சொல்வது, வாவிக்கரையில் வளர்ந்த எங்களுக்கு உரை இல்லாமலே விளங்குகிறது. இரை உண்மையான இரைதான், மீனுக்கு அதில் சந்தேகம் வராது.

ஆனால் எங்களுக்கு எல்லாவற்றையும்விடக் கிட்ட இருப்பது திரௌபதை அம்மன். பாண்டிருப்பில் 18 நாள் திருவிழாவில் பாண்டவர் வனவாசம் போவதை ஊர் கூடி நடத்திக் காட்டும், கடைசியில் தீமிதிப்பு. தருமன் நாடு வைத்தான், தம்பிமாரை வைத்தான், தன்னை வைத்தான், பிறகு திரௌபதையை வைத்தான். ஒவ்வொரு தரமும் விட்டதைப் பிடிக்கத்தான். அந்தச் சபையில் ஒரு பெண்தான் சரியான கேள்வியைக் கேட்டாள்: தன்னைத் தோற்ற பிறகு என்னை வைக்க இவருக்கு என்ன உரிமை? எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று அவள்தான் ஒரு வரம்பைக் காட்டினாள். அவளை ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கவில்லை, ஆட்டத்தில் வைத்திருந்தார்கள்.

இங்கேதான் முதலில் சொன்ன சிரிப்பும் கோபமும் வருகிறது. செத்த வீடுகளில் இரவு முழிச்சிருக்க வெளியே கொட்டிலில் ஆம்பிளையள் கடதாசி போடுவார்கள். உள்ளே பெண்கள் அழுவார்கள், அழுது முடித்து எழும்பித் தேத்தண்ணி ஊத்துவார்கள். எங்களில் ஒருத்தி முன்னூற்றி நாலு பழகியது அந்தத் தேத்தண்ணித் தட்டோடு நின்றுதான். நாலு பேருக்கும் பின்னால் நின்று நாலு கையையும் பார்த்தவள். விடுதியில் எங்களைப் பழக்கியவளும் அவள்தான். அவளுடைய மாமா ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, "பொம்பளப் பிள்ளைக்கு ஒரு வரம்பு வேணும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அந்தச் சொல் வேலி மாதிரி.

வரம்பு வேலி இல்லை. வட்டைக்குப் போன எல்லோருக்கும் இது தெரியும். வரம்பு தண்ணியைப் பிடித்து வைக்கும், கூடினால் வக்கடையைத் திறந்து விடுவோம், மேலே நாங்கள் நடந்து திரிவோம். அதைக் கட்டுகிறவர் அந்த வரவையில் விதைக்கிறவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை கொட்டை, எத்தனை மணிவரை, காசு இல்லை: இந்த மூன்றையும் நாங்கள் நாலு பேர் இருந்து கதைத்துக் கட்டினோம், வேறு யாரும் எங்களுக்குக் கட்டித் தரவில்லை. இரண்டு வருடமாக உடையவில்லை. மற்றவர்கள் எங்களுக்குக் கட்டிய வரம்புகள் பலவற்றைப் பற்றி இப்படிச் சொல்ல மாட்டோம்.

பழக விரும்புகிறவர்கள் முதல் கிழமைக்கு இதைச் செய்யுங்கள். நாலு பேர், ஒரு கடதாசிக் கூட்டம், இருபத்திரண்டு புளியங்கொட்டை. முதல் இரண்டு நாள் 160க்கு மேல் யாரும் கேட்கக்கூடாது. மூன்றாம் நாளிலிருந்து கேட்டவர், ஆட்டம் முடிந்ததும், ஏன் கேட்டேன் என்று மற்ற மூன்று பேருக்கும் சொல்ல வேண்டும். "சும்மா மனசு சொல்லிச்சு" என்பது பதில் இல்லை. போக்கர் பழகுகிறவர்களும் அதே கொட்டைகளை வைத்துப் பழகலாம். நடுவில் யாராவது "அஞ்சு ரூவா வைப்பமா, சும்மா ஒரு சுவாரசியத்துக்கு" என்று கேட்டால், கொட்டைகளை அள்ளிப் போத்தலில் போட்டு மூடிவிட்டுத் தேத்தண்ணி வையுங்கள். கேட்டவரே ஊத்தட்டும்.